என் அப்பா வரி கட்டுகிறார்

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். மாமாவுக்கும் காட்ட வேண்டாம். மாமா ரொம்ப நல்லவர், ஆனால் அவரிடம் ஒன்றைச் சொன்னால் மறுநாள் அவர் முடி வெட்டிக்கொள்ளும் கடையில் இருப்பவர்கள் எல்லாம் அதைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிடுகிறார்கள். இன்னொன்று, நீங்கள் எதைப் படித்தாலும் வாய்விட்டுப் படிப்பீர்கள், மாத்திரை அட்டையைக்கூட. இதை மட்டும் மனதுக்குள் படியுங்கள். உதடு அசையலாம், சத்தம் வரக்கூடாது.

மற்றபடி இங்கே அனைவரும் நலம். உங்கள் நலமும் மாமாவின் முழங்கால் நலமும் அறிய ஆவல். கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் அரை மதிப்பெண் போய்விடும் என்று டீச்சர் சொல்லியிருப்பதால் எழுதினேன். இங்கே அனைவரும் நலம் என்பது பொய்.

நான் இதைக் குளியலறையில் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் கதவு இது ஒன்றுதான். முழங்கால் மேல் அட்லஸ், அதன் மேல் தாள். வெளியே யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று குழாயை நூல் மாதிரி திறந்து வைத்திருக்கிறேன். அதனால் சில இடங்களில் எழுத்து கரைந்திருக்கும், அது தண்ணீர். கடைசிப் பக்கத்தில் கரைந்திருந்தால் மட்டும் தண்ணீர் இல்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நீங்கள் போனில் பேசினால் பக்கத்து அறைக்குக் கேட்கும் அத்தை, நீங்கள் இன்னும் கொஞ்சம் முயன்றால் போனே வேண்டாம் என்று அம்மா சொல்வாள்.

விஷயம் இதுதான். நாளைக்கு மதியத்துக்குள் நான் ஒரு குற்றம் செய்ய வேண்டியிருக்கிறது. நீங்கள் வந்தால்தான் தப்பிப்பேன்.

அப்பாவின் மின்விசிறி ஃபேக்டரியை மூடியது உங்களுக்குத் தெரியும். அப்பா அங்கே தரம் பார்க்கிறவராக இருந்தார், ஃபேனை ஓடவிட்டு, ஆடுகிறதா, முனகுகிறதா என்று பார்த்து, சரியாக இருந்தால் ‘தேர்ச்சி’ என்று பச்சை ஸ்டிக்கர், இல்லாவிட்டால் ‘திருப்பி அனுப்பு’ என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். மூடின அன்று மேஜையைக் காலி செய்யும்போது அந்த ஸ்டிக்கர் சுருள்களை யாரும் கேட்காததால் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒன்றும் தேறவில்லை. ஸ்டூலுக்குச் சிவப்பு, கதவுக் கீலுக்குச் சிவப்பு, அம்மா ஆர்டருக்குத் தைத்துக் கொடுத்த ஒரு ஜாக்கெட்டின் கைக்குச் சிவப்பு (அதை வாங்கியவர் அந்த ஸ்டிக்கரோடு ஒரு கல்யாணத்துக்கே போய்விட்டு வந்தார்). நான் பள்ளிக்காக வரைந்த உலக வரைபடத்தைக்கூட, “கோடு ஆடுது கண்ணு” என்று சொல்லி ஒரு மகா சமுத்திரத்தின் நடுவில் சிவப்பு ஒட்டினார். பச்சைச் சுருளை அவர் இன்னும் பிரிக்கவே இல்லை.

ஃபேக்டரியில் கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தை அப்பா வங்கியில் டெபாசிட் போட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற வட்டியிலும் அம்மாவின் தையலிலும்தான் வீடு ஓடுகிறது. முதல் வட்டி வந்தபோது அம்மா பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினாள். வட்டிக்குக் கீழே ‘வரிப் பிடித்தம்’ என்று ஒரு வரி, அதற்கு நேரே ஒரு தொகை. கிட்டத்தட்ட என் பள்ளிப் பேருந்துக் கட்டணம்.

“என்னங்க இது அநியாயம்?” என்றாள் அம்மா. “சம்பளம் வாங்கும்போது அதுல வரி பிடிச்சாங்க. மிச்சத்த வாயக் கட்டி வயித்தக் கட்டிச் சேத்தோம். இப்ப அந்த மிச்சம் போட்ட குட்டிக்கும் வரியா? வேலயே இல்லாத மனுஷன்கிட்ட என்னத்தப் பிடிக்கிறாங்க?”

அத்தை, நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். ஃபேக்டரி மூடியதிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. அன்றைக்குச் சிரித்தார். பாஸ்புக்கை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு தடவை படித்தார்.

“பாத்தியா?” என்றார். “ஃபேக்டரிதான் என்னக் கழட்டி விட்டுடுச்சு. கவர்மென்ட் விடல. இன்னும் என் பேரு கணக்குல இருக்கு.”

“பேரு இருக்குங்க. காசுதான் இல்ல.”

“வரி கட்றவன்னா சும்மாவா? அதுக்கு ஒரு தகுதி வேணும்.”

மறுநாள் காலையில் அப்பா சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, ஃபேக்டரிக்குக் கிளம்புகிற அதே நேரத்துக்குக் கிளம்பினார். எங்கே என்று அம்மா கேட்டதற்கு, “நம்ம பணத்த எப்படிச் செலவு பண்றாங்கன்னு பாத்துட்டு வரேன்” என்றார். அன்றிலிருந்து தினமும் ரோந்து. தெருவிளக்கு எரிந்தால் “இதுல நம்ம பங்கு இருக்கு” என்பார். எரியாவிட்டால் கம்பத்தில் சிவப்பு ஸ்டிக்கர். ஒழுகுகிற குழாயில் சிவப்பு, பள்ளிக்கூடச் சுவரின் விரிசலில் சிவப்பு. ஒரு போலீஸ்காரரின் தொப்பி கோணலாக இருந்தபோது அப்பாவின் கை சட்டைப் பைக்குள் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன், நல்ல வேளை சிக்னல் விழுந்துவிட்டது. மாடி வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியுமே, மூன்று வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர், அவரை அப்பா படிக்கட்டிலேயே மடக்கிவிட்டார்.

“அண்ணே, நீங்க வருஷத்துக்கு எவ்வளவு வரி கட்டுவீங்க?”

மாடி வீட்டுக்காரருக்கு இருமல் வந்துவிட்டது. “அதெல்லாம்... ஆடிட்டர் பாத்துக்கறார் தம்பி.”

“ஓ. நமக்கு அந்தத் தொல்லையே இல்லண்ணே. பேங்கே பிடிச்சுக்குது.”

அன்று முழுக்க அப்பா விசிலடித்துக்கொண்டிருந்தார். மூன்று வீட்டுக்காரரைவிடத் தான் பெரிய ஆள் என்று ஒரு மனிதர் சந்தோஷப்பட்டால் அதில் தப்பு என்ன என்று எனக்குக்கூடத் தோன்றியது. ஆனால் அதற்கப்புறம் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெஞ்சின் கால் ஆடுகிறது என்று அப்பா அதற்கும் சிவப்பு ஒட்டினார். ரெண்டு நாள் கழித்து லாரியில் ஆட்கள் வந்தார்கள், சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்தார்கள், ‘திருப்பி அனுப்பு’ என்றால் மேலிடத்து உத்தரவுதான் என்று நினைத்து, பெஞ்சைப் பெயர்த்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே திருப்பி அனுப்பினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது எல்லோரும் நின்றுகொண்டு காத்திருக்கிறார்கள். நானும்தான் நின்றேன், பேருந்துக் கட்டணம் கட்ட முடியாமல் நடக்க ஆரம்பித்ததிலிருந்து அந்தக் கஷ்டம் இல்லை. நடந்தால் உடம்புக்கு நல்லது என்று அம்மா சொல்கிறாள், சொல்லும்போது என்னைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது வட்டியிலும் அதே வெட்டு. இந்தத் தடவை அம்மா பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நேரே வங்கிக்குப் போனாள், துணைக்கு நான். மூன்றாம் ஜன்னலில் இருக்கிற அக்கா எதையும் நிமிர்ந்து பார்க்காமலே பேசுவார்.

“வீட்டுக்காரருக்கு வேற வருமானம் ஏதாவது இருக்கா?”

“இல்ல மேடம்.”

“அப்புறம் எதுக்கு வரி கட்றீங்க? வருஷ வருமானம் குறைவா இருக்கறவங்க ஒரு ஃபாரம் குடுத்தா நாங்க பிடிக்கவே மாட்டோமே.”

“இத யாரும் சொல்லவே இல்லையே மேடம்!”

“நீங்க கேக்கவே இல்லையேம்மா.” அப்போதுதான் நிமிர்ந்தார். “அவர் இப்ப என்ன பண்றார்?”

“வரி கட்றார்” என்றாள் அம்மா.

இந்த இடத்தில்தான் எங்கள் கஷ்டகாலம் ஆரம்பித்தது. டெபாசிட் யார் பேரில் இருக்கிறதோ அவரே படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா படிவத்தைக் கொண்டுவந்து, பேனா மூடியைத் திறந்து, அப்பாவின் முன்னால் வைத்தாள். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வந்தார். ஒரு கட்டத்தில் நின்றுவிட்டார்.

“தொழில்னு கேட்டிருக்கு.”

“ஆமா.”

“என்ன எழுதணும்?”

“உள்ளத எழுதுங்க.”

“உள்ளது என்ன?”

“இல்லன்னு எழுதுங்க. மூணே எழுத்துதான், கை வலிக்காது.”

“நான் அங்க இருந்த வரைக்கும் நான் பாக்காம ஒரு ஃபேன் கேட்டத் தாண்டினதில்ல. என்னைப் போய் ‘இல்ல’ன்னு எழுதச் சொல்றியா?”

“உங்க அக்கா வீட்டு ஃபேன் தாண்டுச்சே!”

மன்னியுங்கள் அத்தை, அம்மா உங்கள் வீட்டு ஃபேனை இழுத்திருக்கக் கூடாது. அது இன்னும் ஆடுகிறதா? நீங்கள் அதைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அப்பா பேச்சை மாற்றுவாரே, அன்றைக்கும் மாற்றினார். சட்டைப் பையிலிருந்து சுருளை எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தின் மேல் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, “இந்த ஃபாரத்துல டிசைனே தப்பு” என்று சொல்லிவிட்டு ரோந்துக்குப் போய்விட்டார். அம்மா இன்னொரு படிவம் வாங்கி வந்தாள். அதற்கும் சிவப்பு. மூன்றாவது படிவத்தை, பேப்பரோடு பேப்பராகத் தெரியாமல் போட்டுவிடுவார் என்று மின்கட்டண ரசீதுக்குள் வைத்துக் கொடுத்தாள். தரம் பார்க்கிறவரிடம் அது நடக்குமா? ரசீதுக்கும் சேர்த்துச் சிவப்பு ஒட்டிவிட்டார். நாலாவது தடவை போனபோது மூன்றாம் ஜன்னல் அக்கா, “ஏம்மா, வீட்ல வரி கட்டாம இருக்கறதுக்கு இவ்வளவு எதிர்ப்பா? நாட்டுல எல்லாரும் இப்படி இருந்தா...” என்று ஆரம்பித்து, பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் படிவத்தைக் கொடுத்தார். நாளைக்கு மதியத்துக்குள் கொடுத்தால்தான் அடுத்து வருகிற வட்டியில் பிடிக்க மாட்டார்களாம்.

அப்பாமேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அதற்குக் காரணம் போன சனிக்கிழமை. நோட்டு வாங்க என்னைக் கூட்டிக்கொண்டு போனவர், வழியில் தண்ணீர் மோட்டார் செய்கிற ஒரு பட்டறையில், “ஒரு நிமிஷம் கண்ணு” என்று நுழைந்தார். வேலை கேட்கத்தான். அங்கே இருந்த மேனேஜர் அண்ணனுக்கு மீசைகூட இன்னும் முடிவாகவில்லை.

“இப்ப என்ன சார் பண்ணிட்டிருக்கீங்க?”

அப்பா பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். வரி பிடித்ததற்கு வங்கி தருகிற சான்றிதழ். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார். “ரெகுலரா வரி கட்டிட்டிருக்கேன்” என்றார்.

அம்மா வங்கியில் சொன்ன அதே வார்த்தை, அத்தை. அம்மா சொன்னபோது நான் சிரித்தேன்.

அந்த அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சார், இது டெபாசிட் வட்டிக்குப் பிடிச்சது.”

“ஆமா.”

“அதில்ல சார்... வேலை?”

“பாத்துட்டிருக்கேன்.”

“சரி, சொல்லி அனுப்பறோம்.”

திரும்பி வரும் வழியில் ஒரு சாக்கடை மூடி, மிதித்தவர்கள் காலுக்கெல்லாம் ‘டொக் டொக்’ என்று ஆடிக்கொண்டிருந்தது. அப்பா அதை மிதித்துத் தாண்டிப் போனார். பைக்குள் சுருள் இருந்தது, கை போகவில்லை. எனக்கு அழுகை வந்தது, தெருவாக இருந்ததால் தும்மல் மாதிரி மாற்றிக்கொண்டேன்.

இன்று சாயங்காலம் அப்பா கடைக்குப் போயிருந்தபோது அம்மா மெஷின் மூடிக்குள் ஒளித்து வைத்திருந்த படிவத்தை எடுத்து வந்து என் அட்லஸுக்குள் வைத்தாள். எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது அப்பாதான், கையைப் பிடித்து எழுத வைத்தார், அதனால் என் எழுத்து அப்பாவின் எழுத்து மாதிரியே சாய்ந்திருக்கும்.

“நீயே போட்டுடு” என்றாள் அம்மா, மெதுவாக.

“அம்மா! பொய்க் கையெழுத்து! ஜெயில்ல போட்டுடுவாங்கம்மா!”

“ஃபாரத்துல இருக்கறது எல்லாம் உண்மைதானே? கையெழுத்து மட்டும்தான் பொய். உங்கப்பாவ எழுத விட்டா, கையெழுத்து மட்டும்தான் உண்மையா இருக்கும்.”

“பேங்க் அக்கா கண்டுபிடிச்சுட்டா?”

“அந்தம்மா நிமிந்தே பாக்காதுடி.”

சொல்லிவிட்டு அம்மா போய் மெஷினில் உட்கார்ந்தாள். மிதிக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளும் பாவம் அத்தை, நூல் வாங்கவே கணக்குப் பார்க்கிறாள்.

படிவத்தின் அடியில், பொய்யான தகவல் தந்தால் தண்டனை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. எனக்கு அந்த எழுத்து மட்டும் பெரிதாகத் தெரிகிறது. ஒரு ரஃப் தாளில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தேன், ஒரு பக்கம் நிறைய. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அப்பாவாக வருகிறது. ஜெயிலுக்குப் பள்ளிச் சீருடையில் போகலாமா, பரீட்சை அங்கேயே எழுத விடுவார்களா என்றெல்லாம் யோசித்துவிட்டேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அந்தத் ‘தொழில்’ கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதி, கீழே நான் கையெழுத்துப் போட்டால், என் அப்பாவுக்கு வேலை இல்லை என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? அந்த மேனேஜர் அண்ணன் பக்கம் நான் சேர்ந்துவிட்ட மாதிரி? போடாவிட்டால் அம்மாவை விட்டுவிட்ட மாதிரி. எனக்கு எதுவும் புரியவில்லை அத்தை.

அப்பா இந்த உலகத்தில் பயப்படுவது உங்களுக்கு ஒருவருக்குத்தான். அதனால் நாளைக்கு வங்கி திறப்பதற்குள் நீங்கள் வர வேண்டும். விடிந்ததும் உங்கள் தெரு வழியாகப் போகிற முதல் பேருந்தின் கண்டக்டரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன், பெஞ்ச் போனதிலிருந்து அவருக்கு எங்கள் வீட்டின் மேல் கோபம்தான், ஆனாலும் கொடுத்துவிடுவார். நான் எழுதினேன் என்று சொல்லாதீர்கள். தற்செயலாக வந்த மாதிரி வாருங்கள். உங்களுக்குத் தற்செயலாக வரத் தெரியாது என்று எனக்குத் தெரியும், முயற்சி செய்யுங்கள். அப்பாவைத் திட்டாதீர்கள். ஃபேனைப் பற்றிப் பேசாதீர்கள். முக்கியமாக அந்தச் சான்றிதழைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள், அவர் காட்டினால் “பரவாயில்லையேடா” என்று மட்டும் சொல்லுங்கள், பிறகு மெதுவாக அந்தக் கட்டத்தில் என்ன எழுதினால் அவருக்கு வலிக்காதோ அதை

ஐயோ கதவைத் தட்டுகிறார்கள்

பின்குறிப்பு: அக்கா, தட்டியது நான்தான். வயிறு சரியில்லை, அவசரமாகப் போனேன். உன் மருமகள் கதவைத் திறந்த வேகத்தில் அட்லஸைக் கீழே போட்டாள். அதிலிருந்து விழுந்ததையெல்லாம் பொறுக்கியதில் நான் போன காரியமே மறந்துவிட்டது. வாளி மேல் உட்கார்ந்து முழுவதும் படித்தேன்.

பார்த்ததில் தப்புகள் உண்டு. அந்த பெஞ்ச் உண்மையிலேயே ஆடியது. போலீஸ்காரர் விஷயத்தில் நான் கைக்குட்டைதான் எடுக்கப் போனேன். இவள் பழகிப் பார்த்த கையெழுத்துகளில் ஒன்றுகூடத் தேறாது. என் கையெழுத்தில் கடைசிக் கோடு மேலே ஏறும், இவளுடையதில் கீழே தொங்குகிறது, போட்டவர் பயந்திருக்கிறார் என்பது கோட்டிலேயே தெரிகிறது. எப்படிப் போட வேண்டும் என்று காட்டுவதற்காக ஒருமுறை போட்டுக் காட்டினேன். வேறு தாள் எல்லாம் ஈரமாக இருந்ததால் படிவத்திலேயே போட வேண்டியதாயிற்று. மற்றபடி யார் சொல்லியும் நான் போடவில்லை என்பதை உன் தம்பி மனைவிக்குப் புரியும்படி நீதான் சொல்ல வேண்டும்.

தொழில் கட்டத்தில் ‘தற்போது இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். ‘தற்போது’ என்பதற்கு அவர்கள் இடம் விடவில்லை. கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் போய்விட்டது, இருக்கட்டும். இதுவரை பிடித்ததையும் திருப்பிக் கேட்கலாம் என்று பின்பக்கம் போட்டிருக்கிறது. கேட்கப் போகிறேன். குழந்தை நடந்து போவது உடம்புக்காக என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். தெருவிளக்கில் என் பங்கை மட்டும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

ஆகவே நீ அவசரமாக வர வேண்டியதில்லை. சாவகாசமாக வா. வரும்போது அந்த ஃபேனைக் கழற்றி எடுத்துக்கொண்டு வா, நான் பார்க்கிறேன். அன்றைக்கு அதை ஓடவிட்டபோதே எனக்குச் சந்தேகம்தான். இந்தக் கடிதத்தை அத்தானுக்கும் படித்துக் காட்டு, சத்தமாகவே படி. மேல் மூலையில் பச்சையாக ஒட்டியிருப்பதைக் கிழித்துவிடாதே. சுருளைப் பிரித்து ஒட்டிய முதல் ஸ்டிக்கர் அது.